இரண்டாம் பிரதிவாதியின் முறை

கொழிஞ்சாம்பாறை
24 மார்ச் 2025

ஆமாம். அப்படி எழுதச் சொன்னது நான்தான். வக்கீல் இல்லை. அப்பாவும் இல்லை.

இந்து அவர்களுக்கு யோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம். உங்கள் நலம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "எங்களைப் பெயர் தெரியாதவர்கள் என்று பேப்பரில் போடச் சொன்னது யார்?" ஏழெட்டு முறை படித்தேன். கோபமான கையெழுத்து. அழகான கையெழுத்தும்கூட.

நான் காளிச்சாமியின் மகள். உங்கள் அம்மா கருப்பாத்தாளின் அண்ணன் மகள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறேன். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். நான்கு ஏக்கர், ஒரு கூட்டுக் கிணறு. அப்பாவுக்கும் தங்கதுரை சித்தப்பாவுக்கும் ஒத்துவரவில்லை. அப்பா பங்கு கேட்டு வழக்குப் போட்டார்.

மனு எழுதிய அன்று ஆர்த்தி வக்கீல் கேட்டார்: "வேற வாரிசு இருக்காங்களா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். ஓர் அத்தை உண்டு என்று நான் சொன்னேன்.

"உயிரோட இருக்காங்களா?"

தெரியாது.

"குழந்தைங்க?"

தெரியாது.

"வாரிசில்லாம இறந்துட்டாங்கன்னு உங்க சித்தப்பா தரப்புல சொல்றாங்க. நாமளும் அப்படியே போட்டா கேஸ் சீக்கிரம் முடியும்."

வேண்டாம் என்றேன். தெரியாது என்பது உண்மை. இல்லை என்பது பொய். அதனால்தான் மனுவிலும் பத்திரிகை நோட்டீஸிலும் அந்த வரி: இரண்டாம் பிரதிவாதி, கருப்பாத்தாள், அவர் காலமாகியிருந்தால் பெயரும் விலாசமும் தெரியாத அவருடைய வாரிசுகள்.

பிரதிவாதி என்பதை எதிரி என்று படிக்காதீர்கள். பங்கு வழக்கில் கேட்கிறவர் வாதி, மற்ற பங்காளிகள் எல்லோரும் பிரதிவாதி. வேறு நாற்காலி கிடையாது. உங்களை உள்ளே கூப்பிட எனக்குக் கிடைத்த வாசல் அது ஒன்றுதான்.

ஜூன் 9 அன்று சித்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கு வருகிறது. அன்று நீங்கள் வராவிட்டால் நீங்கள் இல்லாமலே நடக்கும். வாரிசின்றி இறந்தார் என்ற சித்தப்பாவின் பேச்சை மறுக்க ஆள் இருக்காது.

டீக்கடையில் சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிகிறாராம்: "எங்கண்ணன் மக படிச்ச புள்ளைங்க. பேரே இல்லாத ஆளு மேல கேசு போட்டிருக்கா. நாளைக்கு மழை மேல போடுவா, காத்து மேல போடுவா."

கீழே என் போன் எண் இருக்கிறது. அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

யோகப்பிரியா

*

மறையூர்
5 ஏப்ரல் 2025

யோகப்பிரியா அவர்களுக்கு இந்து எழுதிக்கொள்வது. நானும் கணவரும் மகளும் சுகம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்ல ஆளில்லை. 2018 நவம்பரில் போய்விட்டார். அப்பா பிச்சைமணி அதற்கு இரண்டு வருடம் முன்பே. உங்கள் கிணற்றைத் தூர் வார வந்தவர்தான் என் அப்பா. உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லாமலும் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. இங்கே அம்மாவின் பெயர் கருப்பாத்தாள் இல்லை. ரேஷன் கார்டு, தொண்ணூற்றொன்றில் எடுத்த என் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று எல்லாவற்றிலும் சுருளியம்மாள். அப்பாவின் வீட்டார் வைத்த பெயர். பழைய பெயர் எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். ஆகவே நான் அவர் மகள் என்பதற்கு என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

நான் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். காலையில் பேப்பர் என் கைக்குத்தான் முதலில் வரும். அந்த நோட்டீஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சமையலறையிலிருந்து கத்தரீனாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏளா, கோர்ட்டே தேடுத அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியே, இனிமே பாத்திரம் வெளக்க எங்கூட வருவியா?" என்றார். சிரிக்க முடியவில்லை.

எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பாலக்காட்டு வழக்கின் நோட்டீஸ் இடுக்கிப் பதிப்பில் எப்படி வந்தது?

போனில் பேச வேண்டாம். உங்கள் குரல் அம்மாவின் குரலைப் போல இருந்துவிட்டால் என்ன செய்வேன்.

இந்து

*

கொழிஞ்சாம்பாறை
10 ஏப்ரல் 2025

இந்து அக்காவுக்கு,

நேற்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. இன்று நலம் என்று எழுத முடியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "போய்விட்டார்" என்ற இடத்தில் நிறுத்தினேன். அவர் எழுந்தார். துண்டை எடுத்தார். கிணற்றுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கிணற்றைத் தாண்டி நடந்தார். ஒன்றரை மைல் தள்ளி வாய்க்காலில் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார்.

அம்மா கேட்டாள்: "ஏனுங்க, இங்க கெணறு நெறையத் தண்ணி கெடக்குதே, இந்த வெயில்ல எதுக்குங்க அவ்வளவு தூரம்?"

"இன்னைக்கு இதுல எறைக்கக் கூடாது ராசம்மா."

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாத்தா உயிரோடிருந்தபோதே மூன்று பிள்ளைகளுக்கும் கிணற்றில் ஆளுக்கு இரண்டு நாள் முறை பிரித்தார். அப்பாவுக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு. ஆறு நாளில் ஒரு சுற்று. சாவு விழுந்தாலும் கரண்ட் போனாலும் முறை மாறாது. அத்தை போன பிறகு அந்த இரண்டு நாள் யாரும் மோட்டார் போடுவதில்லை. சித்தப்பாவும்தான். ஊற்று ஊறட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். அந்த நாட்களில் கிணற்றடி அமைதியாக இருக்கும். அங்கே உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன்.

நேற்று அந்த இரண்டில் ஒரு நாள்.

இடுக்கிப் பதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வக்கீல் பாலக்காட்டுப் பதிப்பு போதும் என்றார். அப்பாதான், "அந்தப் பக்கமும் போடச் சொல்லு" என்றார். ஏன் என்று நேற்றுக் கேட்டேன். மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

உங்கள் விலாசத்தை வக்கீல் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமாம். மன்னியுங்கள். அந்த வரியை நான் அடிக்க மாட்டேன்.

உங்கள் மகளுக்கு என் அன்பு. பெயர் எழுதவில்லையே.

யோகப்பிரியா

*

மறையூர்
22 ஏப்ரல் 2025

யோகப்பிரியாவுக்கு,

சுகம். மகள் பெயர் செல்வப்பிரியா. ஆறாம் வகுப்பு.

மோட்டார் போடாத அந்த நாட்கள் எவை? தேதி எழுது. வேறொன்றும் இல்லை.

இந்து

*

கொழிஞ்சாம்பாறை
26 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நலம். "எழுது" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். அதை அம்மாவிடம் காட்டினேன்.

இன்று அந்த நாள். கிணற்றடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாளையும் உண்டு. இந்த மாதம் 2, 3, 8, 9, 14, 15, 20, 21, 26, 27.

என் கணக்கை நம்ப வேண்டாம். சித்தப்பா கோர்ட்டில் கொடுத்த பதிலிலேயே இருக்கிறது. "ஊற்று ஊறுவதற்காக ஆறு நாளில் இரண்டு நாள் கிணற்றைச் சும்மா விடுவது வழக்கம், கடந்த பிப்ரவரி 7, 8 தேதிகளிலும் மோட்டார் ஓடவில்லை." அந்த நாட்கள் யாருடைய முறையும் இல்லை, பங்கு இரண்டுதான் என்று காட்ட அதை எழுதியிருக்கிறார்.

எதற்காகக் கேட்டீர்கள்?

மறையூரில் மழையா? இங்கே வேப்பம்பூ உதிர்ந்து தண்ணீரின் மேல் படிந்திருக்கிறது. அசைவதில்லை. மோட்டார் ஓடாத நாளில் மட்டும்தான் அப்படி.

யோகப்பிரியா

*

கொழிஞ்சாம்பாறை
24 மே 2025

அக்காவுக்கு,

நலம்தானே? நான்கு வாரம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

ஜூன் 9-க்குப் பதினாறு நாள் இருக்கிறது. அதற்காக இதை எழுதவில்லை. முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. தெரிந்தே.

சித்தப்பா கிணற்றைத் தண்ணீர் லாரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்கப் பேசிவிட்டார். நிலத்தை இரண்டாகப் பிரித்தால் கிணறு விழும் பாதி அவருடையது. மூன்றாகப் பிரித்தால் கிணற்றடி வயல் அத்தையுடையது. கிணறு பொதுவிலேயே நிற்கும். லாரி வராது.

ஆகவே எனக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள். அதை எழுதாமல் விட்டேன். உண்மைக்காக மட்டுமே அந்த வரியை எழுதினேன் என்பதுபோலப் பேசினேன். தெரியாது என்பது உண்மை, இல்லை என்பது பொய் என்று பெரிதாக எழுதினேன். எனக்கே அந்த வாக்கியம் பிடித்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கிணறு வேண்டும். எனக்கு நீங்களும் வேண்டும். எது முதலில் என்று கேட்டால் மார்ச்சில் கிணறு. இப்போது தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் வராமல் இருந்தால் அது நியாயம்.

யோகப்பிரியா

*

மறையூர்
29 மே 2025

யோகப்பிரியாவுக்கு,

சுகம். சாரல் பிடித்துவிட்டது. செல்வப்பிரியாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது தேவலை.

லாரி விஷயம் எனக்குத் தெரியும். மே 11 முதல் தெரியும். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் சித்தப்பா இங்கே வந்தார். ஒரு சாக்கு இளநீரோடு. வாசலில் நின்று, "நீதா இந்துவா கண்ணு? நா உங்க சின்ன மாமன்" என்றார். உட்காரச் சொன்னேன். காப்பி கொடுத்தேன். தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே காகிதத்தை எடுத்தார். கருப்பாத்தாள் என்பவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்கண்ணு. கோர்ட்டு வாசல்ல நிக்கறது உனக்கு எதுக்கு?"

"யோசிச்சுச் சொல்லுதேன் மாமா."

"பாசம் பொங்கி ஒன்னையத் தேடலம்மா எங்கண்ணன் மக. நா கெணத்த லாரிக்காரனுக்குக் குடுக்கறனில்ல, அதத் தடுக்க அவளுக்கு ஒரு ஆளு வேணும். அதா சங்கதி. நா உள்ளதச் சொல்றவன்."

உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றேன். படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "உங்கம்மாளும் இப்படித்தா நெலவப் புடிச்சுட்டு நிப்பா" என்றார். காகிதத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார். அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். திட்டித்தான் எழுதியிருப்பேன். எழுதாததற்கு வேறு காரணம் இருந்தது.

தேதி கேட்டேன் அல்லவா. அம்மா ஒவ்வொரு வருடமும் மளிகைக்கடைக் காலண்டர் வாங்கி வருவார். அதில் சில தேதிகளைப் பேனாவால் சுழிப்பார். இரண்டிரண்டாக. காலையில் சுழித்துவிட்டு, "இன்னைக்கும் நாளைக்கும் நம்ம நாளு" என்பார்.

"என்ன நாளும்மா?"

"ஒண்ணுமில்லடி, போயி வேலையப் பாரு."

மாத்திரைக்கோ விரதத்துக்கோ என்று நினைத்திருந்தேன். மாத்திரையும் கிடையாது, விரதமும் கிடையாது. இத்தனை வருடம் நான் திரும்பக் கேட்கவில்லை.

பழைய காலண்டர் தாள்களைப் பாத்திர அலமாரியில் விரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். உன் கடிதத்தைப் படித்ததும் தட்டுகளை எல்லாம் இறக்கினேன். நாலு தாள் கிடைத்தது. எண்ணெய்க் கறை. ஒன்று 2017 ஜூன். 1, 2, 7, 8, 13, 14, 19, 20, 25, 26. மற்றவை வேறு வருடங்கள்.

உன் ஏப்ரல் 26-இலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். லீப் வருடத்தை விட்டுவிட்டேன், தப்பாக வந்தது. மறுபடி எண்ணினேன். நாலு தாளும் சரியாக விழுந்தது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

இங்கே இருந்துகொண்டு அவர் முறையை விடாமல் வைத்திருந்திருக்கிறார். அங்கே யாரும் அதைத் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

9-ஆம் தேதி வருகிறேன். கிணற்றுக்காக இல்லை. உனக்காகவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

இந்து

*

கொழிஞ்சாம்பாறை
2 ஜூன் 2025

நங்கைக்கு,

அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். அத்தை மகள் மூத்தவளாக இருந்தால் எங்கள் பக்கம் நங்கை. உங்கள் பக்கம் மதினி என்பார்களாமே. எதுவானாலும் சரி. செல்வப்பிரியாவின் காய்ச்சல் முழுதும் போய்விட்டதா?

கோபம் இல்லை. அம்மாவுக்காக வருவதுதான் சரி.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். தேதிகளைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். 1, 2, 7, 8. அவரும் கூடவே சொன்னார். பிறகு கேட்காமலே பேசினார்.

"மறையூருக்கு ஒருக்கா வெல்லம் எடுக்கப் போனேன். பஸ்ஸு நின்னுது. அவ எதுத்தாப்ல நின்னுட்டிருந்தா. இடுப்புல கொழந்தை."

"எறங்கலீங்களா?"

"எறங்கல."

எந்த வருடம் என்று கேட்டேன். தொண்ணூற்று மூன்று என்றார். நீங்கள் தொண்ணூற்றொன்றில் பிறந்தவர். இடுப்பிலிருந்தது நீங்கள்தான். இடுக்கிப் பதிப்புக்கு இதுதான் பதில். பெயர் தெரியாதவர்கள் என்று நான் எழுதச் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு ஊர் தெரியும். இறங்காததை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் விட்டது ஒரு பத்தி. அவர் விட்டது முப்பத்திரண்டு வருடம். யாரையும் குற்றம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இன்று ஆர்த்தி வக்கீலிடம் போனோம். அந்த இரண்டு நாள் ஏன் மோட்டார் போடவில்லை என்று கேட்டார். அப்பா சொன்னது: "அது அவ தண்ணிங்க. நா எப்பிடிங்க எடுக்கறது?" வக்கீல் அதை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

தாள்களைக் கழுவாமல், கறையோடு கொண்டுவரச் சொல்கிறார். உங்கள் பிறப்புச் சான்றும் அத்தையின் இறப்புச் சான்றும் வேண்டுமாம். பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. உடுமலை, பொள்ளாச்சி வழியாக வாருங்கள். கொழிஞ்சாம்பாறை ஸ்டாப்பில் நிற்பேன். பச்சைக் குடை.

யோகப்பிரியா

*

மறையூர்
14 ஜூன் 2025

யோகிக்கு,

சுகம். மாமா, ராசம்மா அத்தை எல்லோரையும் கேட்டதாகச் சொல். ராத்தங்கச் சொல்லி அத்தை எவ்வளவோ கெஞ்சினார். வீட்டுக்கு வராமல் பொள்ளாச்சி பஸ் ஏறியதற்கு வருத்தப்பட வேண்டாம் என்று சொல். ஒரே நாளில் கோர்ட்டும் அந்த வீடும் எனக்கு அதிகம்.

கூப்பிட்டதைக் கேட்டாயா? "இரண்டாம் பிரதிவாதி." நான் எழுந்து நின்றேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வக்கீல் தாள்களைக் கொடுத்தார். விசாரணையின்போது பார்க்கலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வழக்கு இன்னும் எத்தனை வருடம் போகும் என்று தெரியவில்லை. போகட்டும்.

வராந்தாவில் சின்ன மாமா சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. "காலண்டரெல்லாம் சாட்சின்னா பஞ்சாங்கத்தையும் கூண்டுல ஏத்துங்கய்யா!" ஆர்த்தி வக்கீல் அவருடைய பதிலையே எடுத்து வாசித்தார். பிப்ரவரி 7, 8. உங்கள் தேதியும் இவர்கள் தேதியும் ஒன்றுதான் என்றார். மாமா அந்தக் காகிதத்தை வாங்கி, தான் எழுதியதைத் தானே இரண்டு தரம் படித்தார். அப்புறம் என் பக்கம் வந்து, "அந்தத் தாளக் கொஞ்சங் காட்டு கண்ணு" என்றார். கொடுத்தேன். சுழியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். லாரிக்காரரிடம் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

திருத்திய மனுவின் நகல் நேற்றுத் தபாலில் வந்தது. "பெயரும் விலாசமும் தெரியாத" என்பதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் பெயர், வீட்டு எண், மறையூர். அதற்கு மேலே கருப்பாத்தாள் என்கிற சுருளியம்மாள். இரண்டு பெயரும் ஒரே வரியில் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். கத்தரீனாள் அக்காவிடம் காட்டினேன். "கண்ணாடி போட்டு மாட்டுளா" என்றார்.

பெரிய மாமா பஸ் நிற்கும் இடம் வரை என் பின்னாலேயே வந்தார். நீ டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தாய். "சாப்டியா கண்ணு?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். "முறை ஒன்னுது. வேற ஆரும் மோட்டாரப் போட மாட்டாங்க. நீதா வந்து போடோணும்" என்றார்.

சரி என்று சொன்னேனா என்று நினைவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கு மோட்டார் போடத் தெரியாது. சொல்லிக்கொடு. தண்ணீர் எந்த வயலுக்குப் போகும், மடை எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. செல்வப்பிரியா குளிக்க வேண்டும் என்கிறாள்.

இந்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கீழே போய் மேனேஜரிடம் 19, 20 இரண்டு நாள் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்.